நாலுல ஒண்ணுன்னா நாலாவது தடவைன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைல இருக்கேன். வீட்லயே டியூஷன் எடுக்கறேன், ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் கணக்கும் சயின்ஸும், சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஹால்ல பாய் விரிச்சா இருபது பசங்களாவது உக்காந்திருப்பாங்க. உங்க பேப்பர் என் மாமனார் இருந்த காலத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு வருது. ஞாயித்துக்கிழமை வர்ற அறிவியல் பக்கத்த பசங்க வெட்டி ஒரு லாங் சைஸ் நோட்ல ஒட்டி வெக்கறாங்க, இப்ப ஓடறது மூணாவது நோட்டு. அந்த பக்கத்து மேல எவ்வளவு பிரியம் இருக்குன்னு தெரியணும்னுதான் இத முதல்ல சொல்றேன், ஏன்னா இதுக்கு மேல எழுதப் போறது கொஞ்சம் கோவமாதான் இருக்கும், கோவத்துக்கு காரணமும் எங்க வீட்லயே இருக்கு.

போன மாசம் நோட்ட புரட்டிட்டு இருந்தப்போ மூணு கட்டிங் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு வியாழன் கிரகத்த பத்தி, அது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன சுத்தி வருதுன்னு. இன்னொண்ணு மழை பத்தி, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைன்னு. மூணாவது தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் பத்தி, அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியரா, அதாவது நோய் இல்லாம கெட்ட மரபணுவ மட்டும் சுமக்கறவங்களா இருந்தா நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும்னு. மூணும் தப்பு இல்லைங்க, எழுதினவங்க விஷயம் தெரிஞ்சவங்கதான். ஆனா மூணும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, இத்தனைக்கு ஒண்ணு, இத்தனைக்கு ஒருமுறைன்னு, படிக்கறவங்க மூணையும் ஒரே மாதிரிதான் எடுத்துக்குவாங்க. முதல் விஷயம் கடிகாரம் மாதிரி முறை வெச்சு வர்றது. மத்த ரெண்டும் தாயக்கட்டை உருட்டற மாதிரி. இந்த வித்தியாசத்த அந்த பக்கத்துல ஒரு தடவை கூட யாரும் எடுத்து சொல்லல, நான் மூணு நோட்டும் தேடிப் பாத்துட்டேன்.

எங்க வீட்டு கதைய சொல்றேன். என் அண்ணன் கட்டிக்கிட்டது எங்க அத்தை பொண்ண. சின்ன வயசுலயே பேசி வெச்சது, எல்லாருக்கும் சந்தோஷம். முதல் பொண்ணு பொறந்து ஆறேழு மாசத்துல வெளுத்துப் போய் பால் கூட சரியா குடிக்காம சோர்ந்து சோர்ந்து படுத்துக்கும், டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்து கடைசில தலசீமியா மேஜர், அதாவது கடுமையான வகைன்னு சொன்னாங்க. அண்ணன், அண்ணி ரெண்டு பேருமே கேரியர், அவங்க ரெண்டு பேருக்கும் அது வரைக்கும் தெரியவே தெரியாது. அன்னிலேர்ந்து மூணு வாரத்துக்கு ஒருக்கா, நாலு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும், ஏத்தற ரத்தத்துலேர்ந்து உடம்புல இரும்புச்சத்து சேந்துகிட்டே போய் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், அத வெளியேத்த தனியா மாத்திரை. ரெண்டாவது குழந்தை வேணுமான்னு யோசிச்சப்போ ஒரு டாக்டர் அவசரத்துல, வெளில வரிசை நின்னுட்டு இருக்கு, நாலுல ஒரு குழந்தைக்குதான் வரும்னு சொல்லி அனுப்பிட்டாரு. அண்ணன் வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு, அந்த ஒண்ணு வந்துடுச்சும்மா, இனிமே மூணு குழந்தைக்கு பயமே இல்ல.

ரெண்டாவது பையன். அவனுக்கும் அதே நோய்.

என் அண்ணன் முட்டாள் இல்லைங்க. ஹார்பர்ல கன்டெய்னர் லாரி ஓட்டறாரு, டீசல் கணக்கு, டிரிப் கணக்கு, வட்டி கணக்கு எல்லாம் விரல் நுனில வெச்சிருக்காரு. அவருக்கு சொன்ன வாக்கியத்துலயே அந்த தப்பு ஒளிஞ்சிருந்துச்சு, நாலுல ஒண்ணுன்னா எண்ணிக்கை மாதிரிதான கேக்குது, ஒரு டஜன்ல ஒரு முட்டை உடைஞ்சிருக்குன்னா மீதி பதினொண்ணும் நல்லாருக்குன்னுதான யாரும் நினைப்பாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணுன்னு ஒரே ஒரு வார்த்தை கூட சேத்து சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. வயித்துல குழந்தை இருக்கும்போதே பதினொண்ணு பன்னெண்டு வாரத்துல டெஸ்ட் எடுத்து பாக்க முடியும்னு தெரிஞ்சிருக்கும். இனிமே பயமே இல்லன்னு நம்பினவரு எதுக்கு டெஸ்ட் எடுப்பாரு?

இத பசங்களுக்கு எப்படி புரிய வெச்சேன்னு சொல்றேன், உங்க பக்கத்துல எழுதறவங்களுக்கு உதவலாம். எங்க தெருவுல இன்னும் தாயம் ஆடறவங்க இருக்காங்க, மத்தியானம் வேலை முடிஞ்சதும் திண்ணைல கட்டம் போட்டு உக்காந்துடுவாங்க. ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், 1, 2, 3, அப்புறம் ஒரு பக்கம் வெறும். ரெண்டையும் சேத்து உருட்டினா மொத்தம் 16 விதமா விழலாம், அதுல ஒண்ணுல 1 இன்னொண்ணுல வெறும்னு வர்றது ரெண்டு விதம், அதான் தாயம், அதாவது எட்டுல ஒண்ணு. இப்ப நீங்க ஏழு தடவை உருட்டி தாயம் விழலன்னு வைங்க, சுத்தி இருக்கறவங்க எல்லாரும் இந்தவாட்டி விழும்டா, விழுந்தே ஆகணும்டான்னு சொல்லுவாங்க. கட்டைக்கு போன தடவை என்ன விழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்குமா? மரத்துக்கோ பித்தளைக்கோ ஏதுங்க ஞாபகம். எட்டாவது தடவையும் அதே எட்டுல ஒண்ணுதான். எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம் கூட விழாம போற வாய்ப்பு 100-க்கு 34, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. பசங்கள ஜோடி ஜோடியா உக்கார வெச்சு எட்டெட்டு தடவை உருட்ட சொல்லி போர்டுல எழுதிகிட்டே வந்தோம், ஒரு சாயந்திரம் பூரா அதேதான், எட்டுல ஒண்ணும் விழாத வரிசைங்க நெறைய வந்தப்புறம் ஒரு பையன், அப்போ என் ராசி சரியில்லைன்னு இத்தனை நாளா நினைச்சது பொய்யா மிஸ்னு கேட்டான்.

குழந்தை பொறக்கறதும் அதே மாதிரிதான். நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு காப்பி இருக்கு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு (குரோமோசோம்னா மரபணுங்கள கோத்து வெச்சிருக்கற சரம் மாதிரி, ஆம்பளைங்களோட எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறது மட்டும் ஒரு காப்பி, அத இப்ப விட்டுடலாம்). ரத்தத்துல ஹீமோகுளோபின் செய்யறதுக்கு வேணும்ங்கற பீட்டா குளோபின் மரபணு 11-வது குரோமோசோம்ல இருக்கு. ஒரு காப்பி கெட்டுப்போய் ஒரு காப்பி நல்லா இருந்தா ஆள் நல்லாதான் இருப்பாங்க, கொஞ்சம் ரத்தசோகை மாதிரி இருக்கும் அவ்வளவுதான், நெறைய பேர் அத இரும்புச்சத்து கம்மின்னு நினைச்சு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டுட்டு இருப்பாங்க. அவங்கதான் கேரியர். ரெண்டு கேரியர் கல்யாணம் பண்ணிக்கிட்டா அம்மா ஒரு கட்டை உருட்டறாங்க, அப்பா ஒரு கட்டை உருட்டறாரு. ரெண்டுலயும் கெட்ட காப்பி விழுந்தா நோய், ஒண்ணுல மட்டும் விழுந்தா குழந்தையும் கேரியர், ரெண்டும் நல்லதா விழுந்தா ஒண்ணும் இல்ல. 100-க்கு முறையே 25, 50, 25. அடுத்த குழந்தைக்கு ரெண்டு பேரும் திரும்ப உருட்டறாங்க.

அப்படி ஒரு 100 குடும்பம் இருக்கு, ரெண்டு பேரும் கேரியர், ஒவ்வொரு வீட்லயும் நாலு குழந்தைன்னு வைங்க. கணக்கு போட்டா சுமார் 32 வீட்ல ஒரு குழந்தைக்கு கூட நோய் இருக்காது, 42 வீட்ல சரியா ஒண்ணுக்கு, 21 வீட்ல ரெண்டு பேருக்கு, மீதி அஞ்சு வீட்ல மூணு பேருக்கோ நாலு பேருக்குமோ. நாலுல ஒண்ணுன்னு எழுதினத படிக்கறவங்க கண்ணுக்கு தெரியறது அந்த 42 வீடு மட்டும்தான், அதுவும் பாதிக்கு கம்மி. இந்த 32, 42, 21, 5-ஐ ஒரு சின்ன கட்டம் போட்டு நீங்க பேப்பர்ல போட்டிருந்தா எத்தனையோ பேருக்கு புரிஞ்சிருக்கும், அரை ஜான் இடம் கூட ஆகாது.

இதுல இன்னொரு கொடுமை. தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாத்தற சிகிச்சை இருக்கு, அதுக்கு கூடப்பொறந்தவங்க மஜ்ஜை பொருந்தினா ரொம்ப நல்லது, ஒரு அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி பொருந்தற வாய்ப்பும் நாலுல ஒண்ணுதான். அந்த பொருத்தத்த தீர்மானிக்கறது 6-வது குரோமோசோம்ல, நோய் இருக்கறது 11-வதுல, அதனால ரெண்டும் தனித்தனி உருட்டல். நோய் இல்லாமலும் இருக்கணும், பொருந்தவும் செய்யணும்னா முக்கால்ல கால், அதாவது 16-ல மூணு. தாயக்கட்டைல நாலு விழற வாய்ப்பும் சரியா அதே 16-ல மூணுதான், ரெண்டும் ரெண்டும் விழலாம், ஒண்ணும் மூணும் ரெண்டு விதமா விழலாம். என் அண்ணன்கிட்ட இத இப்படித்தான் சொன்னேன், ரொம்ப லேட்டா. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நாலு விழும்னு நம்பி யாராச்சும் வீட்ட அடமானம் வெப்பாங்களான்னு கேட்டாரு.

சொந்தத்துல கல்யாணம் பத்தியும் நீங்க அடிக்கடி எழுதறீங்க, அதுலயும் எனக்கு ஒரு வருத்தம். குழந்தைக்கு குறை வர்ற வாய்ப்பு இரண்டு மடங்குன்னு தலைப்பு போடறீங்க. எதோட ரெண்டு மடங்கு? பொதுவா எந்த ஜோடிக்கும் பெரிய பிறவிக் குறையோட குழந்தை பொறக்கற வாய்ப்பு 100-க்கு ரெண்டு மூணு இருக்கு, அத்தை மாமா பிள்ளைங்களுக்குள்ள கட்டிக்கிட்டா அது நாலஞ்சாறு ஆகுது, தாய்மாமனையே கட்டிக்கிட்டா அதுக்கும் மேல. அந்த ரெண்டு எண்ணையும் போடாம மடங்க மட்டும் போட்டா என்ன ஆகுதுன்னா, ஒரு சாரார் பயந்து போறாங்க, இன்னொரு சாரார் எங்க பாட்டி தாத்தா அப்படித்தான் கட்டிக்கிட்டாங்க எட்டு குழந்தையும் நல்லாருந்துச்சுன்னு பேப்பர மடிச்சு வெச்சுடறாங்க. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேபடி தமிழ்நாட்ல கல்யாணம் ஆனவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல சொந்தத்துல கட்டினவங்க, அவ்வளவு பேர்கிட்ட பேசும்போது மிரட்டவும் கூடாது மறைக்கவும் கூடாதுங்க. அவங்களுக்கு உண்மைல உபயோகப்படற எண் வேற இருக்கு. நம்ம நாட்ல தலசீமியா கேரியரா இருக்கறவங்க சுமார் 100-ல மூணு நாலு பேர். நான் கேரியர்னு வைங்க, சம்பந்தமே இல்லாத ஒருத்தர கட்டிக்கிட்டா அவரும் கேரியரா இருக்க வாய்ப்பு அந்த 100-ல மூணு நாலுதான். அத்தை பையன கட்டிக்கிட்டா எட்டுல ஒண்ணுக்கும் கொஞ்சம் மேல, ஏன்னா அதே தாத்தா பாட்டிகிட்டேர்ந்து அதே கெட்ட காப்பி அவருக்கும் இறங்கியிருக்கலாம். எல்லாருக்கும் பொதுவான சராசரி ஒண்ணு, இந்த வீட்டுக்கு இதுங்கறது வேற. ஜாதகம் பாக்கற அன்னிக்கே ரெண்டு பேரும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டா, ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ்னு சொல்லுவாங்க இல்லன்னா ஹெச்.பி.எல்.சி., இந்த நோய்க்கு அந்த வாய்ப்பு கணக்கெல்லாம் தேவையே இல்லாம விஷயம் தெரிஞ்சுடும். கேரியர்னு தெரிஞ்சா கூட கல்யாணமே வேணாம்னு அர்த்தம் இல்ல, என்ன பண்ணணும்னு தெரிஞ்சு பண்ணலாம்.

ஆண் குழந்தை விஷயமும் இதே வகைதான், ஒரு வார்த்தைல சொல்லிட்டு போறேன். மூணு பொண்ணு பொறந்தாச்சு நாலாவது பையன்தான்னு எங்க பக்கம் இன்னும் சொல்றாங்க, அந்த கட்டைக்கும் ஞாபகம் கிடையாது. எக்ஸ் குரோமோசோமா ஒய் குரோமோசோமா, அதாவது பொண்ணா பையனான்னு தீர்மானிக்கறது அப்பாவோட அணு, அதுக்காக அம்மாவ திட்டறதுக்கு ஒரு நியாயமும் இல்ல.

இப்ப கிரகத்துக்கு வர்றேன். இதுல நான் உங்கள பாராட்டவும் செய்யணும், 2025 ஜனவரில சாயந்திரம் மேற்கால சுக்கிரனும் சனியும், நடு வானத்துல வியாழன், கிழக்கால செவ்வாய்னு படம் போட்டிருந்தீங்க, நாங்க எல்லாம் மாடிக்கு போய் பாத்தோம். மணலி பக்கத்து வெளிச்சம், எண்ணூர் பக்கத்து புகை எல்லாத்தையும் மீறி நாலும் தெரிஞ்சுச்சு. ஆனா கிரகங்கள் நேர்கோட்டில் அணிவகுப்புன்னு தலைப்பு போட்டுட்டீங்க, அதுக்கப்புறம் ஒரு வாரம் வாட்ஸ்அப்ல பூகம்பம் வரும் சுனாமி வரும்னு வந்துகிட்டே இருந்துச்சு, 2004 பாத்த ஊருங்க இது, காசிமேட்டுக்காரங்க வீட்டு பசங்க என்கிட்ட நிஜமாவே பயந்து கேட்டாங்க. கிரகங்க எல்லாம் சூரியன கிட்டத்தட்ட ஒரே தட்டுல, ஒரே தளத்துல சுத்துது, நம்மளும் அதே தட்டுல உக்காந்துகிட்டு பாக்கறோம், அதனால எப்ப பாத்தாலும் அதுங்க சூரியன் போற பாதை ஓரமாதான் தெரியும். ஒரு தாம்பாளத்து விளிம்புல எறும்பு மாதிரி உக்காந்து பாத்தா அதுல இருக்கற வெத்தலை பாக்கு பழம் எல்லாம் ஒரே கோட்டுல தெரியற மாதிரி. நம்ம கடல ஏத்தி இறக்கறது நிலாவும் சூரியனும், அமாவாசை பௌர்ணமிக்கு தண்ணி ஏர்றது காசிமேட்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, வியாழனும் சனியும் இருக்கற தூரத்துக்கு அதுங்க இழுப்பெல்லாம் கணக்குலயே வராது.

அந்த தூரத்த பசங்களுக்கு காட்ட ஒரு வேலை பண்ணோம். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கற 15 கோடி கிலோமீட்டர 100 மீட்டர்னு வெச்சுக்கிட்டோம். அப்ப சூரியன் மூணடி அகலத்துக்கு ஒரு பெரிய அண்டா, பூமி ஒரு கொண்டைக்கடலை, வியாழன் ஒரு பெரிய சாத்துக்குடி. தண்டையார்பேட்டை மெட்ரோ வாசல்ல அண்டா இருக்குன்னு வைங்க, 100 மீட்டர்ல கொண்டைக்கடலை, 150 மீட்டர்ல அதுல பாதி சைஸ்ல செவ்வாய், சாத்துக்குடிக்கு அரை கிலோமீட்டர் நடக்கணும், சனிக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், நெப்டியூனுக்கு ஒரு பெரிய நெல்லிக்காய எடுத்துகிட்டு மூணு கிலோமீட்டர் தள்ளி காலாடிப்பேட்டை மெட்ரோ வரைக்கும் போகணும். நாங்க சனி வரைக்கும் நிஜமாவே நடந்தோம், ரெண்டு பசங்க அடம் பிடிச்சு காலாடிப்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தாங்க. பக்கத்து நட்சத்திரம் இதே கணக்குல 26,000 கிலோமீட்டர் தாண்டி, பூமிய பாதி சுத்தினா கூட பத்தாது. அவ்வளவு காலி இடம். அந்த காலிய பாத்தப்புறம் எவனும் நேர்கோடு பத்தி பயப்படல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. கிரகத்துக்கு முறை இருக்கு. அதுங்க தாயம் உருட்டறதில்ல. குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் நீங்க முழுப் பக்கம் ஒதுக்கறீங்க, பலன் பத்தி நான் இங்க பேசல, ஆனா அதுல இருக்கற எண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வரி போடலாமே. வியாழன் ஒரு சுத்து வர 11.86 வருஷம், கிட்டத்தட்ட 12, பன்னெண்டு ராசிக்கு பிரிச்சா ராசிக்கு ஒரு வருஷம், அதான் குருப்பெயர்ச்சி வருஷா வருஷம். சனி சுத்த 29.5 வருஷம், பன்னெண்டால வகுத்தா சுமார் ரெண்டரை, மூணு ரெண்டரை சேந்தா ஏழரை. எங்க அம்மாவுக்கு இத சொன்னப்போ அவங்க முகத்துல வந்த ஆச்சரியத்த நான் மறக்கவே மாட்டேன், வாழ்நாள் பூரா ஏழரைன்னு சொல்லியிருக்காங்க, அது ஒரு பெரிய கோளம் சூரியன சுத்தற வேகம்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

கிரகம் வக்கிரம், அதாவது பின்னால போகுதுன்னு போடறீங்களே அதுவும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போறவங்களுக்கு தெரியும், கொருக்குப்பேட்டை தாண்டி பக்கத்து லைன்ல மெதுவா போற ரயில நம்ம ரயில் தாண்டும்போது அது பின்னால போற மாதிரி இருக்கும். அதுவும் முன்னாலதான் போகுது. பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல உள் லைன்ல ஓடுது, செவ்வாய் 24 கிலோமீட்டர்ல வெளி லைன்ல, சுமார் 26 மாசத்துக்கு ஒருக்கா நம்ம அத தாண்டறோம், அப்பதான் அது பின்னால நகர்ற மாதிரி தெரியுது.

இந்த முறை எவ்வளவு கெட்டின்னு காட்ட சுக்கிரன சொல்லலாம். சுக்கிரன் சூரியனுக்கு குறுக்கால ஒரு கரும்புள்ளியா போறது 1874-ல நடந்துச்சு, அப்புறம் 1882, அப்புறம் நம்ம காலத்துல 2004, 2012, அடுத்தது 2117 டிசம்பர்ல. நம்ம பேரப்பசங்களுக்கு கூட கிடைக்குமான்னு தெரியாத ஒண்ணுக்கு இப்பவே தேதி இருக்கு. அந்த 1874-க்கு முன்னாடி நம்ம மெட்ராஸ்ல, நுங்கம்பாக்கத்துல 1792-லேர்ந்து இருந்த அப்சர்வேட்டரில வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சாதாரண ஜனங்களுக்கு புரியணும்னு நம்ம நாட்டு மொழிகள்ல சின்ன புத்தகம் போட்டு வெளியிட்டாரு. 1867-ல வெளிச்சம் கூடிக் குறையற ஒரு மாறும் நட்சத்திரத்த கண்டுபிடிச்சவரு அவரு. 150 வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல இந்த அக்கறை இருந்துச்சுங்க. நாங்க பெருசா ஒண்ணும் பண்ணல, வருஷா வருஷம் ஏப்ரல் 24-ம் தேதி மதியம் 12 தாண்டி ஏழெட்டு நிமிஷத்துல மொட்டை மாடில ஒரு பைப்ப நிமித்தி வெச்சு நிழல் காணாம போறத பாப்போம், சென்னைக்கு ஆகஸ்ட் 18-ம் இன்னொரு தடவை. போன வருஷம் பாத்தோம்ங்கறதால இந்த வருஷம் நம்பி மாடி ஏறலாம், அந்த மாதிரி நம்பிக்கைதான் முறை இருக்கற விஷயத்துக்கு.

மழைக்கு அந்த நம்பிக்கை வெக்க முடியாது. நூறாண்டுக்கு ஒருமுறைன்னா அதுக்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் 100-ல ஒரு வாய்ப்பு. 2015 டிசம்பர் வெள்ளம் முடிஞ்சப்புறம் எங்க பக்கம் எத்தனை பேர், நூறு வருஷத்து மழை வந்துட்டு போயிடுச்சு இனிமே நம்ம காலத்துல கிடையாதுன்னு தரைலயே ஃபிரிட்ஜ வெச்சாங்க, இன்வெர்ட்டர வெச்சாங்க, எட்டு வருஷத்துல 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து திரும்பவும் வட சென்னை முழங்கால் தண்ணில நின்னுச்சு, எண்ணூர்ல தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு. இது என் அண்ணன் பண்ண அதே தப்பு. 30 வருஷ லோன்ல வீடு வாங்கறவருக்கு அந்த 30 வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது அந்த மாதிரி வெள்ளம் வர்ற வாய்ப்பு 100-க்கு 26, அதாவது நாலுல ஒண்ணு. அதுவும் அந்த 100-ங்கற கணக்கு பழைய மழைய வெச்சு போட்டது, காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், அதனால கட்டையே மாறிகிட்டு இருக்கு. உங்க நிருபர் அடுத்த தடவை மழைக்காலத்துல நூறாண்டுக்கு ஒருமுறைன்னு எழுதறதுக்கு பதிலா எந்த வருஷமும் நூத்துல ஒரு வாய்ப்புன்னு எழுதினா போதும், மூணு வார்த்தைதான் கூட ஆகும், எங்காளுங்க ஃபிரிட்ஜ ஸ்டாண்டு மேல ஏத்தி வெப்பாங்க.

இன்னொண்ணு, இது பசங்க கேட்டது. உங்க பக்கத்துல ஒரு தடவை மனுஷனுக்கும் சிம்பன்சிக்கும் டி.என்.ஏ. சுமார் 98.8 சதவீதம் ஒண்ணுன்னு போட்டிருந்தீங்க, வேற ஒரு வாரம் கூடப்பொறந்தவங்களுக்கு 50 சதவீதம் ஒண்ணுன்னு. ஒரு பையன் ரெண்டு கட்டிங்கையும் பக்கத்துல வெச்சு, மிஸ் அப்ப எங்க அக்காவ விட சிம்பன்சிதான் எனக்கு நெருக்கமான்னு கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி. ரெண்டு எண்ணும் ரெண்டு வேற கணக்கு. 300 கோடி எழுத்து இருக்கற புத்தகத்துல எத்தனை எழுத்து ஒத்துப் போகுதுங்கறது ஒரு கணக்கு, அதுல எந்த ரெண்டு மனுஷங்களும் 99.9 சதவீதம் ஒண்ணுதான். 50-ங்கறது அப்பா அம்மாகிட்ட இருந்த ரெண்டு ரெண்டு காப்பில அக்காவுக்கு போன அதே காப்பி தம்பிக்கும் எவ்வளவு போச்சுங்கறது, அதுவும் சராசரியா பாதி. சதவீதம்னு போட்டா எதுல சதவீதம்னு கூடவே போடணும், கடைல அரை விலைன்னா எந்த விலைல அரைன்னு கேக்க மாட்டோமா.

ரொம்ப நீளமா போயிடுச்சு, மன்னிக்கணும். என் அண்ணன் பொண்ணு இப்ப பத்தாவது படிக்கறா, ரத்தம் ஏத்திக்கற நாள் தவிர மத்த எல்லா நாளும் என் டியூஷனுக்கு வர்றா. தனக்கு பொறக்கப் போற குழந்தைக்கு என்ன ஆகும்னு அவளே நோட்ல கட்டம் போட்டு கண்டுபிடிச்சா, கட்டிக்கறவன் கேரியர் இல்லன்னா குழந்தைங்க எல்லாம் கேரியரா இருக்கும், நோய் ஒருத்தருக்கும் வராது, அவனும் கேரியர்னா ஒவ்வொரு தடவையும் பாதிக்கு பாதி. அதுக்கப்புறம் உங்க தலசீமியா கட்டிங்க எடுத்து அந்த நான்கில் ஒரு குழந்தைக்குங்கற வரிய சிவப்பு பேனாவால அடிச்சுட்டு மேல வேற எழுதி வெச்சிருக்கா. அந்த கட்டிங்க இந்த லெட்டரோட வெச்சு அனுப்பறேன். இடம் பத்தலன்னா என் லெட்டர் முழுசையும் விட்டுடுங்க, அவ எழுதின வரிய மட்டும் போடுங்க: "ஒவ்வொரு கர்ப்பத்துக்கும், முன்னாடி பொறந்தவங்க எப்படி இருந்தாலும், புதுசா நாலுல ஒரு வாய்ப்பு."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.